ரயில்வே அறிக்கையைப் படிப்பது எப்படி: ராமேஸ்வரம் லைனுக்குப் புதியவர்களுக்கு

ராமநாதபுரம், உச்சிப்புளி, மண்டபம், பாம்பன் என்று இந்தக் கரையோரத்துக்கு வேலைக்கோ வியாபாரத்துக்கோ புதிதாக வந்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம் சீக்கிரமே பழகிவிடும். எங்கேயாவது ரயில் நின்றால் அந்தச் செய்தி மூன்று தடவை வரும். முதலில் வாட்ஸ்அப்பில், 'பாம்பன் பாலத்தில் ரயில் விபத்து' என்று, மூன்று ஆச்சரியக்குறியோடு. அப்புறம் டீக்கடையில், "ஒண்ணும் இல்லையாம்ணே, சும்மா இஞ்சின் கோளாறாம்" என்று. சாயங்காலம் ரயில்வேயின் அறிக்கை வரும், 'தொழில்நுட்பக் காரணங்களால் ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்' என்று. மூன்றையும் படித்து முடித்த பிறகும் ராத்திரி சேது எக்ஸ்பிரஸ் கிளம்புமா கிளம்பாதா என்பது தெரிந்திருக்காது.

அந்த மூன்றாவதை எப்படிப் படிப்பது என்பதுதான் இங்கே. அறிக்கையில் பச்சைப் பொய் இருப்பது அபூர்வம். ஆனால் துறைக்குள் ஒரு பொருளில் புழங்கும் சொல் வெளியே வேறு பொருளில் கேட்கும், அவசரத்தில் தமிழாக்குபவர் இன்னொரு சுற்று திருப்புவார், குரூப்பில் போடுகிறவர் பாதியை வெட்டிவிடுவார். பெரிய விபத்தென்றால் பத்து சேனல் வந்து நின்று தோண்டிவிடும். சின்னச் சம்பவத்தில் நமக்குக் கிடைப்பதெல்லாம் அந்த நாலு வரிதான், ஆகவே அதைச் சரியாகப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

பழகிப் பார்க்க ஒரு மாதிரி அறிக்கையை நானே எழுதி வைக்கிறேன். இப்படி ஒரு சம்பவம் நடக்கவில்லை, ஆனால் நடை அச்சு அசல் இதுதான்:

'மண்டபம் யார்டில் இன்று காலை சண்டிங் பணியின்போது காலி ரேக் ஒன்றில் ஒரு பெட்டியின் சக்கரங்கள் லேசாகத் தடம் இறங்கின. எந்த அசம்பாவிதமும் ஏற்படவில்லை. ரயில் போக்குவரத்தில் பாதிப்பு இல்லை. இரண்டு ரயில்கள் ரெகுலேட் செய்யப்பட்டன. ஒரு ரயில் ராமநாதபுரத்துடன் நிறுத்தப்பட்டது. காரணம் குறித்து விசாரணைக்கு உத்தரவிடப்பட்டுள்ளது.'

போக்குவரத்தில் பாதிப்பு இல்லையாம், ஆனால் மூன்று ரயில் மாட்டிக்கொண்டதாம். சரி, ஒவ்வொன்றாகப் பிரிப்போம்.

முதல் படி: எங்கே என்று பாருங்கள்

எல்லாவற்றுக்கும் முன்னால் இடம். 'யார்டு' என்றால் ஸ்டேஷனை ஒட்டிப் பெட்டிகளை நிறுத்தி, பிரித்து, சேர்க்கும் பகுதி, அந்த வேலைதான் 'சண்டிங்'. அங்கே வண்டி ஊர்ந்துதான் போகும், பெரும்பாலும் ஆள் இருக்காது. 'மண்டபம் - பாம்பன் இடையே' என்றால் ஓடும் பாதை, அதுவும் பாலம் இருக்கும் பகுதி. மானாமதுரையிலிருந்து ராமேஸ்வரம் வரைக்கும் ஒற்றைத் தடம் என்பதை எப்போதும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஓடும் பாதையில் ஒரு வண்டி நின்றுவிட்டால் பின்னால் வருவதும் நிற்கும், எதிரே வரவேண்டியதும் ஏதாவது ஒரு ஸ்டேஷனில் கிராஸிங்குக்குக் காத்துக் கிடக்கும். ஸ்டேஷனுக்குள் லூப் லைனில், அதாவது மெயின் லைனிலிருந்து பிரிந்து திரும்பச் சேரும் பக்கத் தடத்தில் நின்றால் மெயின் லைன் வழியாக மற்றது போய்விடலாம். மாதிரியில் 'போக்குவரத்தில் பாதிப்பு இல்லை' என்று எழுதியவர் மனதில் இருந்தது 'மெயின் லைன் அடைபடவில்லை' என்பதுதான். உங்கள் வண்டி தாமதமாகாது என்று அவர் சொல்லவே இல்லை.

'பாம்பன் பாலத்தில்' என்ற சொல்லை மட்டும் இரண்டு தடவை சந்தேகப்படுங்கள். மண்டபம் ஸ்டேஷனில் நின்ற வண்டியும், பாம்பனுக்கு முன்னால் சிக்னலுக்காக நின்ற வண்டியும் தலைப்பில் பாலத்துக்கு ஏறிவிடும். கூடவே வரும் படத்தையும் பாருங்கள். நடுவில் இரண்டு கை மேலே விரிகிற மாதிரி திறக்கும் பாலம் இருந்தால் அது 1914இல் திறக்கப்பட்ட பழையது. அதில் 2022 டிசம்பர் 23 முதல் ரயில் ஓடவில்லை. இப்போது ஓடுவது 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதிய பாலம், அதன் 72.5 மீட்டர் நடுப்பகுதி லிஃப்ட் மாதிரி நேராக மேலே போகும். பழைய படத்தோடு 'சற்றுமுன்' என்று வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள், பாக்கியைப் படிக்க வேண்டாம்.

இரண்டாவது படி: எந்த வண்டி, எந்தத் தேதி

'காலி ரேக்' என்றால் பயணிகள் இல்லாத பெட்டித் தொடர். 'லைட் இஞ்சின்' என்றால் பெட்டியே இல்லாமல் தனியாகப் போகும் இஞ்சின். இந்த இரண்டும் செய்தியில் 'பயணிகள் ரயில்' ஆகிவிடுவது சர்வ சாதாரணம். அதேபோல அறிக்கையில் 'பயணிகள் ரயில்' என்றால் ஆள் ஏற்றிப் போகும் எந்த வண்டியும் அதில் அடங்கும், எக்ஸ்பிரஸ் உட்பட. நம்ம பக்கத்தில் அதைக் கேட்ட உடனே மதுரை பாசஞ்சர்தான் ஞாபகத்துக்கு வரும், அதில் தினம் போகிற ஆசிரியர்கள் வீட்டுக்கெல்லாம் போன் பறக்கும். பெயரை விட்டுவிட்டு நம்பரைப் பாருங்கள். சேது எக்ஸ்பிரஸ் என்றால் சென்னையிலிருந்து வருவது 22661, ராமேஸ்வரத்திலிருந்து போவது 22662. போட் மெயில் என்று இன்னும் நாம் சொல்கிற வண்டி 16851, திரும்பிப் போகும்போது 16852. கடைசி இலக்கம் ஒன்று மாறினால் திசையே மாறிவிடும்.

தேதி அதைவிட முக்கியம். ரயில்வே எழுதும் தேதி வண்டி கிளம்பும் ஊரின் தேதி. சென்னையில் 10ஆம் தேதி ராத்திரி கிளம்பும் வண்டி ராமநாதபுரத்துக்கு 11ஆம் தேதி காலையில் வரும். 'பத்தாம் தேதி வண்டி ரத்து' என்றால் ராமநாதபுரத்துக்காரருக்குப் பதினொன்றாம் தேதி காலையில்தான் பாதிப்பு. ஓகா, அயோத்தி மாதிரி தூரத்திலிருந்து வருவதற்கு இந்த இடைவெளி இன்னும் கூடும்.

அப்புறம் ஒரு சின்ன விஷயம். 'டிரெயின் மேனேஜர் தகவல் கொடுத்தார்' என்று வந்தால் அது ஸ்டேஷன் மேனேஜர் இல்லை. கடைசிப் பெட்டியில் கொடியோடு நிற்பாரே, நாம் கார்டு என்று சொல்வோமே, அவர்தான். 2022 ஜனவரியில் அந்தப் பதவிக்குப் பெயர் மாற்றிவிட்டார்கள்.

மூன்றாவது படி: வண்டியை என்ன செய்தார்கள்

உங்கள் பயணத்தையும் பணத்தையும் முடிவு செய்கிற சொற்கள் இங்கேதான் இருக்கின்றன, மெதுவாகப் படியுங்கள்.

'ரத்து' என்றால் அந்த நாளில் அந்த வண்டி ஓடவே ஓடாது. 'பகுதி ரத்து' என்றால் ஏதோ ஒரு துண்டுத் தூரம் மட்டும் ஓடாது. குரூப்பில் வரும்போது 'பகுதி' விழுந்துவிடும், 'ராமநாதபுரம் - ராமேஸ்வரம் இடையே' என்ற துண்டும் விழுந்துவிடும், மிஞ்சுவது 'ரத்து'. பரமக்குடியில் இறங்க வேண்டியவர் டிக்கெட்டை கேன்சல் செய்து காசை இழப்பது இப்படித்தான். 'ராமநாதபுரத்துடன் நிறுத்தம்' என்றால் வண்டி அங்கேயே முடிகிறது, பாக்கி 55 கிலோமீட்டர் சொச்சத்தை பஸ்ஸில் போக வேண்டும். 'ராமநாதபுரத்தில் நிறுத்தி வைப்பு' என்றால் கொஞ்ச நேரம் கழித்து அதே வண்டி தொடர்ந்து போகும். 'வைப்பு' ஒன்றுதான் வித்தியாசம், அதை விட்டுப் படித்துவிட்டு மூட்டை முடிச்சோடு இறங்கி பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ பிடித்தவர்கள் உண்டு.

இங்கேதான் 'ரெகுலேட்' வருகிறது. இதைச் சிலர் 'ஒழுங்குபடுத்தப்படும்' என்று தமிழாக்கிவிடுகிறார்கள். '16852 வண்டி 45 நிமிடம் ஒழுங்குபடுத்தப்படும்' என்று படித்தால் ஏதோ நல்லது நடக்கப்போகிறது என்றுதான் தோன்றும். வழியில் வசதியான ஒரு இடத்தில் வண்டியை 45 நிமிடம் நிறுத்தி வைப்பார்கள் என்பதுதான் சங்கதி. எந்த ஸ்டேஷனில் என்று பெரும்பாலும் சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் அதைக் கன்ட்ரோல் அறை அந்தந்த நேரத்து நிலவரம் பார்த்து முடிவு செய்யும். 'ரீஷெட்யூல்' வேறு. அது கிளம்பும் ஊரிலேயே கிளம்புகிற நேரத்தை மாற்றுவது. ராமேஸ்வரத்தில் ஏறுகிறவருக்கு ரீஷெட்யூல் என்றால் வீட்டில் இன்னொரு வாய் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம். ரெகுலேட் என்றால் சரியான நேரத்துக்கே போய் ஏறித்தான் ஆகவேண்டும், தாமதம் வழியில் வரும்.

காசு விஷயம். முழு ரத்து என்றால் ஆன்லைன் டிக்கெட்டுக்குப் பணம் தானாகத் திரும்பும், நீங்கள் கேன்சல் பட்டனைத் தொட வேண்டாம். கவுன்டர் டிக்கெட் என்றால் மூன்று நாளுக்குள் கவுன்டரில் கொடுத்து வாங்க வேண்டும். நீங்கள் ஏறும் ஸ்டேஷனில் வண்டி மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதம், நீங்கள் போகவில்லை என்றால் முழுப் பணமும் கேட்கலாம், ஆனால் வண்டி அங்கிருந்து கிளம்புவதற்கு முன்பே டிடிஆர் (பணம் திரும்பக் கேட்கும் விண்ணப்பம்) போட்டிருக்க வேண்டும். வண்டி போன பிறகு கேட்டால் ஒன்றும் கிடைக்காது. பாதியில் முடிந்த வண்டிக்கு மீதித் தூரத்துக்கான கட்டணத்தைக் கேட்க டிடிஆரில் தனிக் காரணமே இருக்கிறது. ஆகவே அறிக்கையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கும்போது வண்டியை என்ன செய்தார்கள் என்று சொல்கிற வரியை விட்டுவிடாதீர்கள்.

'தற்காலிகமாக' என்ற சொல்லுக்கு நம்ம லைன் மாதிரி பாடம் வேறெங்கும் கிடைக்காது. 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் போக்குவரத்து நிறுத்தப்பட்டபோது வந்ததெல்லாம் தற்காலிகம்தான். நீட்டித்தார்கள், மறுபடி நீட்டித்தார்கள், கடைசியில் அந்தப் பாலத்தில் ரயில் திரும்ப ஏறவே இல்லை. இரண்டே கால் வருஷம் மண்டபத்திலும் ராமநாதபுரத்திலும் இறங்கி பஸ் பிடித்தோம். தேதி போடாத தற்காலிகத்தை நம்பி லாட்ஜுக்கு முன்பணம் கட்டாதீர்கள்.

நான்காவது படி: காரணத்தைப் பிரித்துப் பாருங்கள்

'தொழில்நுட்பக் கோளாறு' என்ற ஒரே சொல்லில் எல்லாம் அடங்கிவிடும். இஞ்சின் இழுக்காதது, தடம் மாற்றும் பாயின்ட் சரியாக ஒட்டாதது, சிக்னல் எரியாதது, மின்கம்பி பிரச்சினை, எல்லாம். அடுத்த அறிக்கையில் விவரம் வருகிறதா என்று பாருங்கள், வந்தால் கீழே சொல்கிறபடி படியுங்கள்.

'சிக்னல் கோளாறு' என்றால் பலருக்கும் வயிறு கலங்கும். சிக்னல் அமைப்பே ஏதாவது பழுதானால் சிவப்புக்குப் போய் நிற்கிற மாதிரிதான் செய்யப்பட்டிருக்கிறது. ஆகவே கோளாறு என்றால் பெரும்பாலும் வண்டி நிற்கும், எழுத்தில் அனுமதி கொடுத்து மெதுவாக அனுப்புவார்கள், தாமதமாகும். பயப்பட வேண்டியது 'சிக்னலைத் தாண்டியது' என்ற சொல்லுக்கு. சிவப்பில் நிற்க வேண்டிய வண்டி நிற்காமல் போனது என்று அர்த்தம், துறைக்குள் அதற்குத் தனி வகைப்பாடும் கடுமையான விசாரணையும் உண்டு. இரண்டையும் 'சிக்னல் பிரச்சினை' என்று ஒரே கூடையில் போடுகிற அறிக்கையை முழுதாக நம்ப வேண்டாம்.

இன்னொன்று நம்ம ஊருக்கே உரியது. பழைய பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் தானாகச் சிவப்பாகும்படி காற்றுமானியோடு இணைத்திருந்தார்கள். புதிய பாலத்திலும் காற்றைப் பார்த்துத்தான் வண்டி விடுகிறார்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மண்டபத்தில் வண்டி நின்றால் அது கோளாறே இல்லை, அமைப்பு வேலை செய்கிறது என்று அர்த்தம். 'பாம்பன் பாலத்தில் சிக்னல் பழுது, பயணிகள் அவதி' என்று தலைப்பு வரும். கடலோரத்தில் காற்றோடு விளையாடினால் என்ன ஆகும் என்பதை 1964 டிசம்பரில் தனுஷ்கோடி ரயிலை இழந்த ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

'ரயிலில் தீ' என்று வந்து, பிறகு 'தீ அல்ல, புகை மட்டுமே' என்று மறுப்பு வந்தால், அநேகமாக அது பிரேக் பைண்டிங். பிரேக் பிடித்தது விடாமல் சக்கரத்தோடு உரசிக்கொண்டே வரும். உச்சிப்புளி தாண்டி வண்டி வேகம் குறைந்து நிற்கும், எட்டிப் பார்த்தால் ஏதோ ஒரு பெட்டியின் சக்கரத்தடியில் புகை, கருகின நெடி. உதவி லோகோ பைலட் முன்னாலிருந்தும் டிரெயின் மேனேஜர் பின்னாலிருந்தும் ஜல்லியில் நடந்து வருவார்கள். பெட்டிக்கு அடியில் குனிந்து பிரேக் காற்றை விடுவிக்கிற பிடியை இழுத்தால் உஸ்ஸென்று சத்தம் வரும், தேவைப்பட்டால் அந்தப் பெட்டியின் பிரேக்கை மட்டும் துண்டித்துவிட்டு, வாக்கி டாக்கியில் சொல்லிவிட்டுக் கிளம்புவார்கள். அவ்வளவுதான். மறுப்பு உண்மைதான், ஆனால் புகையும் உண்மைதான். அந்த நேரத்தில் ஆபத்து புகையால் வருவதில்லை, 'தீ தீ' என்று கத்தி மறுபக்கம் குதிக்கிறவர்களால்தான் வரும். அபாயச் சங்கிலியை இழுப்பதென்றால் உண்மையான காரணத்தோடு இழுங்கள், காரணமில்லாமல் இழுத்தால் ரயில்வே சட்டம் 141ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

'பெட்டிகள் கழன்று ஓடின' என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இணைப்பு விட்டுப்போனால் இடையில் போகும் பிரேக் குழாயும் பிரிந்து காற்று வெளியேறும், அதனால் இரண்டு துண்டுக்கும் தானாகவே பிரேக் பிடித்துவிடும். அநேகமாக ஓடுவதில்லை, நிற்கின்றன. 'ஆளில்லா லெவல் கிராசிங்' என்று இன்றைக்கு வரும் செய்தியும் தவறாகத்தான் இருக்கும், அகலப்பாதையில் ஆளில்லாத கேட்டுகளை 2019 ஜனவரிக்குள் ஒழித்துவிட்டார்கள். ஆனால் ஆள் உள்ள கேட்டிலும் சிக்னலோடு இணைத்தது (இன்டர்லாக்), இணைக்காதது (நான்-இன்டர்லாக்) என்று இரண்டு வகை உண்டு. இணைத்ததில் கேட் மூடாமல் பச்சை சிக்னல் விழாது. 2025 ஜூலை 8 அன்று கடலூர் செம்மங்குப்பத்தில் பள்ளி வேன் மீது ரயில் மோதியது இணைக்காத கேட்டில். கேட் பற்றிய எந்த அறிக்கையிலும் 'இன்டர்லாக்' என்ற சொல் இருக்கிறதா, முன்னால் 'நான்' ஒட்டியிருக்கிறதா என்று தேடுங்கள்.

ஐந்தாவது படி: அடைமொழிகளை அடித்துவிடுங்கள்

லேசாக, சிறிய, சற்று, வழக்கமான. பேனா எடுத்து எல்லாவற்றையும் அடியுங்கள். 'லேசாகத் தடம் இறங்கின' என்பதில் லேசு எங்கிருந்து வந்தது? சக்கரம் தண்டவாளத்தில் இருக்கும், இல்லையென்றால் இறங்கியிருக்கும். ஒரு சக்கரம் இறங்கினாலும் அது தடம் புரள்வுதான். யார்டில் ஊர்ந்த வண்டி இறங்கியதும், வேகமாக ஓடிய வண்டி இறங்கியதும் ஒன்றல்ல, ஆனால் அந்த வித்தியாசத்தைச் சொல்ல இடமும் வேகமும் பெட்டி எண்ணிக்கையும் போதும். லேசு எதற்கு?

எதிர்ப்பக்கம் 'பெரும் விபத்து தவிர்ப்பு'. நம்ம பத்திரிகைகளுக்கு இதில் கொள்ளைப் பிரியம். கீமேன் என்று ஒருவர் தினமும் தண்டவாளத்தோடு நடந்து கிளிப், ஜாயின்ட் எல்லாம் பார்த்துக்கொண்டே போவார். வெயிலோ மழையோ, கையில் சுத்தியும் கொடியும். அவர் விரிசலைப் பார்த்தால் சிவப்புக் கொடி காட்டி வண்டியை நிறுத்துவார், பட்டை வைத்துக் கிளாம்ப் போட்டு வண்டியை மெதுவாக அனுப்புவார்கள், பிறகு துண்டை மாற்றுவார்கள். அவரைப் பாராட்டத்தான் வேண்டும், ஆனால் துறையின் கணக்கில் இது உபகரணப் பழுது. 'தவிர்க்கப்பட்ட மோதல்' என்று விபத்துக் கையேட்டில் தனியாகவே ஒரு வகை இருக்கிறது: யாரோ ஒருவர் விழிப்பாக இருந்ததாலோ அதிர்ஷ்டத்தாலோ இரண்டு வண்டி மோதாமல் தப்பியது. அது நடந்தால் நிஜமாகவே பெரிய விஷயம். எல்லா விரிசலுக்கும் அந்தச் சொல்லைச் செலவழித்துவிட்டால் அது நடக்கிற அன்றைக்கு எழுதச் சொல் மிச்சமிருக்காது.

'சதி' என்ற சொல்லுக்கும் இதே கதிதான். தண்டவாளத்தில் கல் வைத்ததாக வந்தால், சிறுவர்கள் விளையாட்டுக்கு வைத்ததா வேறா என்று போலீஸ் சொல்லும்வரை அந்தச் சொல்லைத் தொடாதீர்கள்.

ஆறாவது படி: எந்த விசாரணை

'விசாரணைக்கு உத்தரவு' என்று மட்டும் இருந்தால் துறைக்குள்ளேயே சில அதிகாரிகள் சேர்ந்து பார்ப்பார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ரயில் பாதுகாப்பு ஆணையர் விசாரிக்கிறார் என்றால் தனி. அவர் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் வருவதில்லை, விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் வருகிறார், தெற்கு வட்டத்துக்கு அலுவலகம் பெங்களூரில். உயிரிழப்பு, பயணிக்குக் கொடுங்காயம், இரண்டு கோடி ரூபாய்க்கு மேல் ரயில்வே சொத்துச் சேதம் என்று வந்தால்தான் 'கடுமையான விபத்து' என்று அவர் கைக்குப் போகும். ஆகவே நம்ம மாதிரி அறிக்கை போன்ற சம்பவத்துக்கு அவர் வரமாட்டார், வராததை மூடி மறைப்பு என்று எழுத வேண்டாம். 'முதற்கட்டத் தகவலின்படி' என்று ஆரம்பிக்கிற எந்தக் காரணத்தையும் இரண்டு நாள் ஊறப் போடுங்கள், அதிலும் 'மனிதத் தவறு' என்று கீழ்நிலை ஊழியர் ஒருவர் மேல் முதல் மணி நேரத்திலேயே சாய்க்கிற வாக்கியத்தை.

ஏழாவது படி: ஆள் பற்றிய சொல்

இது ஒன்றுதான் உண்மையில் ஒரு குடும்பத்தின் தலையெழுத்தை மாற்றக்கூடியது, இதற்குத்தான் அறிக்கை எழுதுகிறவர்களும் நாமும் மிகக் குறைவாகக் கவனம் கொடுக்கிறோம்.

ஒருவர் ரயில் வாசலில் நின்று வந்து சத்திரக்குடி பக்கம் கீழே விழுந்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 'ரயிலிலிருந்து தவறி விழுந்தார்'. தண்டவாளத்தைக் கடந்தவர் மேல் வண்டி மோதியது என்றால் 'ரயிலில் அடிபட்டார்'. பேச்சில் இரண்டுக்கும் 'ரயில்ல அடிபட்டுட்டாரு' என்றே சொல்வோம், அதையே எடுத்து அறிக்கையிலும் செய்தியிலும் போட்டுவிடுவார்கள். ரயில்வே சட்டம் 124அ பிரிவில் முதலாமவர் குடும்பத்துக்கு இழப்பீடு உண்டு, உயிரிழப்புக்கு 2017 ஜனவரி 1 முதல் எட்டு லட்சம். இரண்டாமவர் அந்தப் பிரிவில் பயணியே இல்லை.

அடுத்து 'பயணியின் கவனக்குறைவால்'. இந்தச் சொல்லைப் பார்த்ததும் குடும்பம் மனசு விட்டுவிடும், நம்ம ஆள் மேல்தானே தப்பு, என்ன கேட்க முடியும் என்று. கேட்கலாம். அந்தப் பிரிவில் ரயில்வே மேல் தப்பு இருந்ததா என்ற கேள்வியே கிடையாது. ஏறும்போதோ இறங்கும்போதோ விழுந்தாலும் அது சேரும், வெறும் கவனக்குறைவைத் தானே வருவித்துக்கொண்ட காயம் என்று சொல்லித் தட்டிவிட முடியாது என்று 2018இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. டிக்கெட் உடலோடு கிடைக்காதது மட்டுமே முடிவான காரணம் ஆகாது என்பதும் அதே தீர்ப்பில் இருக்கிறது. தற்கொலை, போதை, சொந்தக் குற்றச்செயல், இயல்பான நோய் போன்றவைதான் விலக்கு. ஓராண்டுக்குள் ரயில்வே உரிமைகோரல் தீர்ப்பாயத்தில் மனு போட வேண்டும்.

'எந்த அசம்பாவிதமும் ஏற்படவில்லை' என்பதைப் படிக்கும்போதும் இது ஞாபகம் இருக்கட்டும். ரயிலிலிருந்து விழுவது, ரயிலில் கொள்ளை, கலவரம், தாக்குதல் இவை சட்டத்தில் தனியாகப் பெயர் பெற்ற சம்பவங்கள். 'அசம்பாவிதம் இல்லை' என்று அறிக்கை சொன்ன அன்றே யாராவது வாசலிலிருந்து விழுந்திருந்தால் அது வேறு வரியில், வேறு நாளில், 'ஒருவர் அடிபட்டார்' என்று வந்திருக்கும்.

'கருணைத் தொகை'யும் 'இழப்பீடு'ம் ஒன்றல்ல. ரயில் விபத்தில் கருணைத் தொகை 2023 செப்டம்பரிலிருந்து உயிரிழப்புக்கு ஐந்து லட்சம், கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம், சாதாரணக் காயத்துக்கு ஐம்பதாயிரம். இது உடனடியாகக் கையில் தருவது. இதை வாங்கியதால் தீர்ப்பாயத்துக்குப் போகும் உரிமை போய்விடாது. செய்தியில் 'ஐந்து லட்சம் இழப்பீடு வழங்கப்பட்டது' என்று வந்ததும் எல்லாம் முடிந்தது என்று வீட்டில் உட்கார்ந்துவிடுவார்கள். அப்படி யாராவது தெரிந்தவர் இருந்தால் போய்ச் சொல்லுங்கள்.

வழக்குப் பதிவு செய்வது தமிழ்நாடு அரசின் ரயில்வே போலீஸ். காக்கியில் பிளாட்பாரத்தில் நிற்கும் ஆர்பிஎஃப் வேறு, அது மத்தியப் படை. முதல் தகவல் அறிக்கையில் என்ன சொல் விழுகிறது என்பதை அன்றைக்கே வாங்கிப் படித்துப் பார்த்துவிட வேண்டும், டிக்கெட்டோ மொபைலில் புக்கிங் மெசேஜோ கூடப் பயணம் செய்தவர் நம்பரோ இருந்தால் பத்திரப்படுத்த வேண்டும்.

எட்டாவது படி: நீங்கள் எழுதும்போது

குரூப்பில் போடுவதற்கு முன்னால் ரயில் நிலவரத்தை ரயில்வேயின் என்டிஇஎஸ் ஆப்பிலோ 139 என்ற விசாரணை எண்ணிலோ ஒரு தடவை பார்த்துவிடுங்கள். அறிக்கை மதுரை கோட்டத்திலிருந்து வந்ததா, தேதி இன்றையதா என்றும் பாருங்கள். அப்புறம் இடம், வண்டி, என்ன ஆனது, உங்கள் ஊர்க்காரர் என்ன செய்ய வேண்டும், எத்தனை மணி நிலவரம் என்ற வரிசையில் எழுதுங்கள். மேலே உள்ள மாதிரி அறிக்கையை நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

'மண்டபம் யார்டில் காலி ரேக்கில் ஒரு பெட்டி தடம் இறங்கியது. அதில் பயணிகள் இல்லை. சென்னையில் நேற்று ராத்திரி கிளம்பிய 16851 இன்று ராமநாதபுரத்தோடு முடிகிறது. ராமேஸ்வரம் போகிறவர்கள் அங்கேயே இறங்கி பஸ் பிடிக்கவும், மீதித் தூரக் கட்டணத்துக்கு டிடிஆர் போடலாம். வேறு இரண்டு வண்டிகள் வழியில் நிறுத்தி வைக்கப்பட்டு வருகின்றன, ரத்து இல்லை. காலை 8.20 நிலவரம், மதுரை கோட்ட அறிக்கைப்படி.'

ஆச்சரியக்குறி போடவில்லை, 'பரபரப்பு' போடவில்லை, பாலத்தை இழுக்கவில்லை. நிலவரம் மாறினால் புது மெசேஜ் போடாமல், முடிந்தால் பழையதையே திருத்துங்கள். இல்லையென்றால் பழையதை அழித்துவிட்டுப் போடுங்கள், ஏனென்றால் காலை எட்டு மணி மெசேஜ் ராத்திரி பத்து மணிக்கும் தங்கச்சிமடத்தில் யாரோ ஒருவர் கையில் சுற்றிக்கொண்டிருக்கும், அவர் அதை நம்பி ஸ்டேஷனுக்குப் போகாமல் இருந்துவிடுவார்.